தாமரை தின்றது யார்

உன் கல்யாணப் பத்திரிகையை உன் அம்மா என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. என் பெயருக்குப் பின்னால் நான் வாங்கிய எம்.ஏ. பட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள். உன் மாமன் பெயருக்குக் கீழே, அவரும் நானும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டம், அவருக்குக் கம்பெனி. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முறையாக இருப்பதாகத்தான் தோன்றும். உன் அம்மா கதவருகில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஏனுங்க, மண்டபத்து வாசல்ல எங்கண்ணனோட சேந்து நிப்பீங்கல்ல?" பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் வாசலில் கைகூப்பி நின்று வருகிறவர்களை 'வாங்க, வாங்க' என்று அழைக்க வேண்டும். ஒருவர் மட்டும் நின்றால், வருகிறவர்கள் இலையில் உட்காருவதற்குள் காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு இந்தக் கடிதம்தான் பதில். இதை உன் கையில் கொடுக்காமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரலாம். என்னைப் பற்றிய பேச்சும் நாலு பேர் இருந்த இடத்தில்தான் நடந்தது. பெயர்கள் எதையும் போடவில்லை. படிக்கிறவர்களில் யாருக்கு நம்மைத் தெரியுமோ அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் மாமன் மகளை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை. உரிமையும் முறையும் உள்ள பெண். அவள் சிறுமியாக இருந்தபோது எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், சாம்பிள் துணியில் பொம்மைக்குச் சட்டை வெட்டித் தரச்சொல்லி என்னிடம்தான் வந்து நிற்பாள். அவளுடைய அப்பனிடம் கேட்கமாட்டாள். கேட்டால் துணி வீணாகிறது என்பார். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றியல்ல. ஒரு கதையைப் பற்றி. உனக்கு நான் சொன்ன கதை, நீ ஊருக்குச் சொன்ன கதை.

நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். மின்னஞ்சல் எல்லாம் வருவதற்கு முன், வெளிநாட்டுக் கடிதங்கள் ஃபாக்ஸில்தான் வரும். கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு நான் இந்தப் பனியன் ஏற்றுமதித் தொழிலுக்கு வந்ததே அந்தக் கடிதங்களுக்காகத்தான். உன் மாமனுக்குத் துணி தெரியும், ஆள் தெரியும், ஆங்கிலம் தெரியாது. சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டுப் பையர்களிடம் என்னை 'எங்க இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்' என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒருநாள் லண்டன் பையரம்மா ஒருவர், கடற்கரை ஊர் ஒன்றில் விடுமுறையில் இருப்பதாகவும், ஒரு வாரம் தாமரை உண்பவளாக இருந்துவிட்டுத் திரும்பியதும் சாம்பிள் பார்ப்பதாகவும் ஃபாக்ஸ் அனுப்பியிருந்தார். அன்று மதியம் உன் மாமன் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். "மச்சான், இந்தம்மா என்னங் எழுதியிருக்குது?" என்றார். "ஒரு வாரம் தாமரை திங்கப் போறாங்களாம்" என்றேன். "எதுக்குங்? அவிங்க ஊர்ல சோறில்லீங்களா?" என்றார். நீ சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாய். உன் அம்மா உன் முதுகில் தட்டினாள்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னேன். கிரேக்கர்களின் பழைய கதை. நெடுநாள் போர் முடித்து ஊர் திரும்பும் கப்பல்கள் புயலில் திசை மாறி முன்பின் தெரியாத ஒரு கரையில் ஒதுங்குகின்றன. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவரத் தலைவன் மூன்று பேரை அனுப்புகிறான். அந்த ஊர்க்காரர்கள் தாமரை என்று பெயர் கொண்ட ஏதோ ஒரு பழத்தைத் தின்று வாழ்கிறவர்கள். வந்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். தேனாய் இனிக்கும் அதைத் தின்றதும் மூன்று பேருக்கும் வீடு மறந்துபோகிறது. "அப்புறம் அந்த மூணு பேரும் என்னானாங்கப்பா?" என்று நீ கேட்டாய். தலைவன் வந்து, அழ அழ அவர்களை இழுத்துப்போய், துடுப்புப் போடும் பலகைக்கு அடியில் கட்டிவைத்துக் கப்பலை எடுத்தான் என்றேன். உன் அம்மா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தாமரைத்தண்டு வத்தல எங்கம்மா மோர்ல ஊறப்போட்டுக் காயவெச்சு வறுப்பாங்க. அதத் தின்னுபோட்டு நாங்க யாரும் ஊட்டுக்கு வழி மறக்கலையே." அந்த மத்தியானம் நாம் நாலு பேரும் சிரித்ததுபோல அதற்குப் பிறகு ஒரு நாளும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பெயர் நமக்குள் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தால், "எந்திரிடா, தாமரைதின்னி" என்று எழுப்புவேன். நான் ஈஸிசேரில் புத்தகத்தோடு சாய்ந்தால், "அப்பா தாமரை திங்கறாரு, யாரும் கூப்பிடாதீங்க" என்று வாசலில் வருகிறவர்களிடம் சொல்வாய். நீ கண்ணு என்று கூப்பிட்டால் கூச்சப்படும் வயதுக்கு வந்தபிறகு, அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த சொல் அது. உனக்கும் எனக்கும் மட்டும் புழங்கிய சொல் என்று நினைத்திருந்தேன். மாமன் வீட்டு விருந்துகளில் என்னைப்போல நடித்துக்காட்ட அந்தச் சொல்லை நீ எடுத்துப்போனது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இனி துணிக்கு வருகிறேன். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு முடிந்து, ஆர்டர்கள் மேலும் மேலும் வந்துகொண்டிருந்த காலம். நீ படிப்பை முடித்துக் கம்பெனிக்கு வந்த வருஷம். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியில் பெண்களுக்கான டாப்ஸ். அந்த ஜெர்மன் ஆர்டரை நீ மறந்திருக்கமாட்டாய். சாயம் போட்டு, காம்பாக்டிங் மெஷினில் அழுத்தி முடிந்து ரோலாக வரும் துணி, இழுத்துச் சுற்றப்பட்ட துணி. அதைப் பிரித்து, இழுக்காமல், மடிப்பு மடிப்பாகத் தளரவிட்டு ஒரு முழு நாளாவது கிடக்கவிட வேண்டும். கட்டிங்கில் ரிலாக்ஸ் விடுவது என்பார்கள். அந்த நேரத்தில் துணி தன் இழுவையை விட்டுத் தன் சொந்த அளவுக்குத் திரும்புகிறது. அதற்கு முன்னால் வெட்டினால், வெட்டும்போது அளவு சரியாக இருக்கும். முதல் தண்ணீரில் நனைந்ததும் சுருங்கும். இதை உனக்கு நான் ரேக்குக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். காலையில் ஒரு கோடு போட்டு, மறுநாள் அதே கோடு எவ்வளவு குறுகியிருக்கிறது என்று உன்னையே அளக்கச் சொன்னேன். துணி கிடக்கும் அந்த நேரத்தில் எனக்கு வேலை இருக்காது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து படிப்பேன். வெளியே இருந்து பார்த்தால் ரேக்கில் துணி சும்மா கிடக்கும், அறையில் நான் சும்மா இருப்பேன். உன் மாமன் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு போவார். "துணி என்ன விருந்துக்கா வந்திருக்குது, படுத்து எந்திரிச்சுப் போறதுக்கு?" என்று ஒருமுறை கட்டிங் மாஸ்டரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவருக்கு எது ஓடுகிறதோ அதுதான் வேலை.

அந்த ஆர்டருக்கான துணி வந்து இறங்கிய காலையில் நான் ஊரில் இல்லை. தாராபுரத்தில் ஒரு கேதத்துக்குப் போயிருந்தேன். பிணம் எடுக்கும் முன்னால், பந்தலுக்கு வெளியே வந்து உன் செல்போனுக்குக் கூப்பிட்டேன். "துணி வந்துருச்சாப்பா?" என்றேன். "வந்துருச்சுங்கப்பா." "லைக்ரா துணி. பிரிச்சுப் போட்டு வையி. நாளைக்கு நான் வந்தப்புறம் வெட்டலாம். யாரு சொன்னாலும் வெட்ட வேண்டாம்." "சரிங்கப்பா" என்றாய். பின்னால் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால், சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் சொன்னேன். "கேட்டுச்சுங்கப்பா, நாளைக்கு வெட்டலாம்" என்று நீ திருப்பிச் சொன்னாய். மறுநாள் நான் வந்து பார்த்தபோது துணி வெட்டப்பட்டு, பண்டல் கட்டப்பட்டு, பாதி தைக்கப் போயிருந்தது. தூத்துக்குடியில் கப்பல் பிடிக்க வேண்டும் என்று உன் மாமன் சொல்லி வெட்டினார்களாம். என் போனைப் பற்றி நீ அவரிடம் சொன்னாயா, சொல்லியும் அவர் கேட்கவில்லையா, அல்லது சொல்லவே பயந்து நின்றுவிட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று நீ என் அறைப்பக்கமே வரவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். பையரின் ஆட்கள் துவைத்துப் பார்த்தார்கள். டாப்ஸ் இடுப்புக்குமேல் ஏறிக்கொண்டது. முழுச் சரக்கும் ரிஜெக்ட். நாம் பெயரெடுத்திருந்த பையர் நம்மை விட்டுப் போனார். கொஞ்ச நாள் கழித்து ஒரு வேலையாக, ரிஜெக்ட் சரக்கு விற்கிற காதர்பேட்டைக்குப் போனேன். கடை வாசலில் ஒரு ஹிந்திக்காரர் அந்த டாப்ஸைக் குவியலாகப் போட்டு, இரு கைகளாலும் இழுத்துக் காட்டி விற்றுக்கொண்டிருந்தார். "தேக்கோ, கித்னா ஸ்ட்ரெச் ஹை" என்று வாங்க வந்த ஒருவரிடம் சொன்னார்; எவ்வளவு இழுபடுகிறது பார் என்று பொருள். கழுத்துப் பட்டியைப் பார்த்ததும் நம் சரக்கு என்று தெரிந்துவிட்டது. அந்தக் கடையைத் தாண்டிப்போக முடியாமல் சந்து வழியாகச் சுற்றிப்போனேன்.

கடைசியில் சாமளாபுரத்தில், உன் மாமன் வீட்டு ஹாலில், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்தார்கள். கூட்டுத் தொழில் நடக்கிற குடும்பங்களில் இப்படி ஒரு நாள் வரும். யாருடைய தவறு என்று சொந்தக்காரர்கள் முன்னால் முடிவாகும். அதற்குமேல் கோர்ட்டு கிடையாது. உன் மாமன் மிக மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "மச்சான் படிச்சவருங்க. நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா துணியப் பாக்க வேண்டிய பொறுப்பு அவருதுங்க. அன்னைக்கு அவரு இல்லீங்க." நான் சொன்னேன்: "இல்லாட்டியும், வெட்ட வேண்டாம்னு போன்ல சொல்லியிருந்தேன்." "யாருகிட்டங் சொன்னீங்க?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையிலிருந்த காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்காக நான் காத்திருந்தேன். அந்த ஹாலில் எல்லோரும் காத்திருந்தார்கள். உன் பெயரை நான் சொல்லியிருந்தால் அத்தனை தலைகளும் உன் பக்கம் திரும்பியிருக்கும். தொழிலில் கால் வைத்த முதல் வருஷத்திலேயே, கம்பெனியைக் கவிழ்த்தவன் என்று உன்மேல் முத்திரை விழுந்திருக்கும். அதனால் சொன்னேன்: "யாருகிட்டன்னு ஞாபகமில்லை."

உன் மாமன் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர்போலத் தொடையில் தட்டினார். "பாருங்க, மறந்துபோச்சாம்! தாமரை தின்னா மறக்கத்தானுங்க செய்யும்" என்றார். தலைமைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர், "அதென்னப்பா தாமரை?" என்று கேட்டார். "எனக்கெங்கங் கதை சொல்ல வருது? மாப்ள, நீங்க சொல்லுங்க. உங்கப்பன் சொன்னதுதான?" நீ வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொன்னாய். முதலில் தயங்கினாய், ஒருவர் சிரித்ததும் உனக்குத் துணிவு வந்துவிட்டது. ஒரு தீவு, அங்கே வேலைவெட்டி இல்லாத சோம்பேறிகள், தாமரையைத் தின்றுவிட்டு நாளெல்லாம் கிடப்பார்கள், எதுவும் ஞாபகம் இருக்காது, அவர்களைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் இப்படி ஒரு பெயர் வைத்தார்கள் என்றாய். நான் படிக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வதைக்கூடச் செய்துகாட்டினாய். பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "போதும் கண்ணு, போதும்" என்றார். அதற்குப் பிறகு துணியை வெட்டச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் கம்பெனியைவிட்டு வெளியே வந்தேன். நீ உன் மாமனோடு இருந்துவிட்டாய்.

நீ அன்று சொன்ன கதை தப்பு. நான் ஆங்கிலம் படித்தவன், அதை மட்டுமாவது திருத்த எனக்கு உரிமை உண்டு. அந்தத் தாமரை நம் குளத்துத் தாமரையே அல்ல. கிரேக்கர்கள் அந்த ஒரு பெயரைப் பல செடிகளுக்கு வைத்திருந்தார்கள். கதையில் வருவது நம் காட்டு இலந்தைக்கு உறவான ஒரு முள்மரத்தின் பழம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது எப்படியோ போகட்டும். அந்தக் கரையில் வாழ்ந்தவர்களைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்று பார். வந்தவர்களைக் கொல்ல அவர்கள் நினைக்கவே இல்லை. தாங்கள் தின்பதை வந்த விருந்தாளிக்கும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் எதையும் மறந்ததாக ஒரு வரியும் இல்லை. அது அவர்கள் தினம் தின்கிற உணவு. அவர்கள் தங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டை மறந்தவர்கள் வந்த மாலுமிகள். ஆனால் காலம் போகப்போகக் கதையில் ஒரு மாற்றம் நடந்தது. பின்னால் வந்த ஆங்கிலப் புலவர்கள் களைத்துப்போன அந்த மாலுமிகளின் வாயில் சோம்பலின் சுகத்தைப் பாட்டாக வைத்தார்கள். படித்தவர்கள் அதை ரசித்தார்கள். கடற்கரையில் கால்நீட்டிக் கிடக்கிறவர்களையும், உழைக்காமல் இன்பம் தேடுகிறவர்களையும், கடமையை மறந்தவர்களையும் தாமரை உண்பவர்கள் என்றார்கள். லண்டன் அம்மா ஃபாக்ஸில் எழுதியது அந்தப் பொருளில்தான். கவனித்தாயா? மறந்தது விருந்தாளி, பெயர் கெட்டது வீட்டுக்காரனுக்கு. இருந்ததை எடுத்துக் கொடுத்தவன் பெயர், தின்றுவிட்டு மறந்தவனின் குணத்துக்கு அடையாளமாகிவிட்டது. ஒருவரும் அந்தக் கரைக்குத் திரும்பிப் போய் அவர்களிடம் கேட்கவில்லை.

நான் இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில், பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். தென் மாவட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி போன மாதம், "சார், தாமரைக்கதை ஒண்ணு இருக்காமே, எங்க கம்பெனில சொன்னாக. சொல்லுங்களேன்" என்று கேட்டாள். உன் கதை அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அவளுக்கு அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று தெரியாது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய் எழுதியவனாவேன். உன் மாமனை மன்னிக்கமாட்டேன். அவராவது அன்னியர், கணக்குப் போட்டுப் பேசினார். நீ என் வாயிலிருந்த சொல்லை எடுத்துக்கொடுத்தாய். உன் அம்மா, "பையன் சின்னவன், பயந்துபோச்சுங்க" என்கிறாள். பயந்தவன் அத்தனை நன்றாக நடித்துக்காட்டமாட்டான்.

இருந்தாலும் அப்பன் என்ற முறையில் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்கும் உன் மனைவிக்கும் நடுவில் ஒரு பெயர் உண்டாகும். சிரிப்பில் பிறந்து, வேறு யாருக்கும் பொருள் தெரியாத ஒரு பெயர். அதை வெளியே எடுத்துப்போகாதே. உன் மாமன் வீட்டு விருந்தில் நாலு பேரைச் சிரிக்கவைக்க அதை எடுக்கத் தோன்றும், எடுக்காதே. வெளியே போன பெயர் போனபடி திரும்பி வராது. எனக்கு அது வந்த கோலம் உனக்குத் தெரியும். அதோடு, அவள் ஏதாவது ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கிறாள் என்று உடனே முடிவுகட்டாதே. இழுத்துச் சுற்றிய எதுவும் தன் அளவுக்கு வர நேரம் எடுக்கும். நீயே கோடு போட்டு அளந்து பார்த்தவன்.

உன் அம்மா கேட்டதற்குப் பதில்: நிற்பேன். சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மண்டபத்து வாசலில், உன் மாமனுக்குப் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்களைக் கைகூப்பி அழைப்பேன். நான் வராமல் போனால் அவர் அதற்கும் ஒரு காரணம் சொல்லுவார். அந்த வசதியை அவருக்குத் தரமாட்டேன். பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலையோடு சாய்ந்து உட்காரும் நேரத்தில், அந்தப் பெரியவரும் இருப்பார். உன் மாமன் சும்மா இருக்கமாட்டார். என்னைப் பார்ப்பார், உன்னைப் பார்ப்பார், "மாப்ள, அந்தத் தாமரைக் கதையச் சொல்லுங்க" என்பார். அன்றைக்கு நீ மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பாய். நீ என்ன சொன்னாலும் மண்டபமே கேட்கும். நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுக்காதே, சொல். ஆனால் தீவிலிருந்து ஆரம்பிக்காதே. தாராபுரத்திலிருந்து வந்த போனிலிருந்து ஆரம்பி.